எங்கப்பா கலரு

1

நேற்று எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்தோம்.

இதையெல்லாமா எழுதுவார்கள் என்று ஆம்பூரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். அங்கே சுத்தியலை எடுத்தோமா, அடித்தோமா, உதிர்ந்த சுண்ணாம்பைப் பெருக்கினோமா, அவ்வளவுதான். இங்கே இங்கிலாந்தில் வாடகை வீட்டில் ஆணி அடிக்க எழுதிக் கேட்க வேண்டும். வீட்டு ஏஜென்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. எந்தச் சுவர், எத்தனை ஆணி, என்ன மாட்டப் போகிறீர்கள், அதன் எடை என்ன. 'குடும்பப் படம், இரண்டரைக் கிலோ' என்று எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு நாள் கழித்து அனுமதி வந்தது. என் கணவர் அன்பு அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தார். அவருக்கு எல்லாவற்றிலும் விளையாட்டு.

மாட்டிய படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் பதினொரு பேர் இருக்கிறோம். பதினொரு பேரும் அவரவர் நிறத்தில் இருக்கிறோம். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காக எங்கள் குடும்பத்தில் ஒரு யுத்தமே நடந்தது.

2

என் பெயர் மல்லிகா. இங்கே வருவதற்கு முன் ஆம்பூரில் ஒன்பது வருடம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல்துண்டை அனுப்பி, 'இதே நிறத்தில் வேண்டும்' என்பான். எங்கள் தோல் அதே நிறத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ட்யூப் லைட்டில் பார்க்கக் கூடாது. வடக்குப் பக்கத்து ஜன்னலுக்கு எடுத்துப் போய், இரண்டு துண்டையும் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு துண்டைத் தனியாகப் பார்த்து நிறம் சொல்லக் கூடாது என்பது எங்கள் டிபார்ட்மெண்டின் முதல் விதி. கறுப்பில் மட்டுமே எனக்கு ஒன்பது வகை பிரிக்கத் தெரியும். இங்கேயும் அதே வேலைதான். ஒரு சின்னப் பட்டறையில் பழைய சோபாக்களுக்கும் கார் சீட்டுகளுக்கும் நிறம் பொருத்திக் கொடுக்கிறேன்.

அந்த டிபார்ட்மெண்டில் இரண்டு மல்லிகாக்கள் இருந்தோம். இன்னொருத்தி நல்ல சிவப்பு. அதனால் நான் கறுப்பு மல்லிகா ஆனேன். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை, நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் இருந்த அன்பு என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வேலூரில் தன் வீட்டில் போய்ச் சொன்னபோதுதான் அந்தப் பெயர் உறுத்த ஆரம்பித்தது. அவருடைய அக்காவும் சொந்தக்காரர்களும் நிறம் ஒத்துவராது என்றார்கள். நிறத்தை மட்டும் சொல்லவில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்பு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தார். நடுவில் பரோட்டா வாங்கித் தின்றதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

வேலூர் வீட்டில் மாமனாரும் மாமியாரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அன்புக்கு எல்லாமே அவருடைய அக்கா சரோஜாதான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் கணவர் ஏகாம்பரம் அண்ணன், லாங் பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டு ஹாலில் மாமனாரின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கும். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தவர், அன்புக்கு மூன்று வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். படத்தில் ரோஜாக் கன்னத்தோடும் சிவந்த உதட்டோடும் இருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணி அந்தப் படத்தைக் காட்டி, "எங்கப்பா கலரு" என்பார். அன்பு சிவப்பு, அதனால் அவர் அப்பா கலரு. அண்ணியின் மகள் கீதா மாநிறம், வெயில் படாமல் இருந்தால் அவளும் அப்பா கலரு.

அண்ணி? பவுடர் போட்ட முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு ஷேடு வித்தியாசம். முதல் நாளே என் கண்ணில் பட்டுவிட்டது, தொழில் புத்தி. "எனக்கு சின்ன வயசுல டைபாய்டு வந்துச்சு, அதுல கறுத்துட்டேன்" என்று அவராகவே விளக்கம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

நான் இங்கே உண்டாகியிருந்தபோது வேலூரிலிருந்து மாதா மாதம் குங்குமப்பூ பார்சல் வரும். நான் அதைப் பிரியாணியில் போட்டுத் தீர்த்துவிட்டேன். நிலா பிறந்தாள். பிறந்த குழந்தையின் நிறத்தை முகத்தில் பார்க்கக் கூடாது, காது மடலில்தான் பார்க்க வேண்டும், வளர வளர உடம்பு அந்த நிறத்துக்கு வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணி ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் வீடியோவில் வந்தார்.

"மூஞ்சிய அப்புறம் பாத்துக்கறேன். காத காட்டு மல்லிகா, காத!"

குழந்தையைத் திருப்பிக் காட்டினேன். அண்ணி திரைக்குக் கிட்டே குனிந்தார். சட்டென்று திரை கறுத்துப் போனது. மறுநாள் கேட்டதற்கு, "கரண்ட் போச்சு" என்றார். கரண்ட் போகவில்லை. அதே கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த ஐந்தாவது நிமிடம் ஏகாம்பரம் அண்ணன் எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். அந்தக் கறுத்த திரையைப் பதினான்கு வருடம் நான் மனதில் வைத்திருந்தேன்.

3

நிலாவுக்கு ஐந்து வயதில் வேலூர் போனபோது பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படம் தேவைப்பட்டது. சொந்த ஸ்டூடியோ இருக்கும்போது வேறு எங்கே போவது? ஏகாம்பரம் அண்ணன் அவளை உட்கார வைத்து, மிட்டாய் கொடுத்து, பாசமாக எடுத்துக் கொடுத்தார். நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் யாரும் 'வெளுத்துக் கொடுங்கள்' என்று கேட்பதில்லை. அது சட்னி மாதிரி, கேட்காமலே வரும்.

இங்கே திரும்பி வந்து படத்தை அனுப்பினோம். படத்தில் இருப்பவர் விண்ணப்பதாரர்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்று கடிதம் வந்தது. போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்க வைத்த பிறகு ஓர் அம்மாள் பேசினார்.

இது உங்கள் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழைய படத்துக்கும் இதற்கும் நிறம் ஏன் இவ்வளவு மாறியிருக்கிறது என்றார். என் ஆங்கிலத்தில் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: "அவளுடைய மாமா அவளை ரொம்ப நேசிக்கிறார்."

பிறகு அந்த அம்மாள் மிகவும் மரியாதையாக, கடைவாசலில் இருக்கும் மெஷினில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மெஷினுக்குப் பாசம் கிடையாது. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

4

இந்த ஊரில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் நீ எந்த இனம் என்று கேட்டு வரிசையாகப் பெட்டிகள் போட்டிருப்பார்கள். ஒரு கோடையில் அண்ணி இங்கே வந்திருந்தபோது படியில் கால் இடறிச் சுளுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் எனக்கு எப்போதும் போடும் பெட்டியிலேயே அவருக்கும் டிக் போட்டேன்.

"இன்னா மல்லிகா, ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டியா?"

"ஆமா அண்ணி. இவங்களுக்கு கம்மி ஜாஸ்தி பாக்கத் தெரியாது."

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் காரில் போன ஒருவன் ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். என்ன சொன்னான் என்று அண்ணி கேட்டார். ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்கிறான் என்றேன்.

"நம்மளயா? என்னையுமா?"

"உங்களையும்தான் அண்ணி."

அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் சிரித்தேன் என்பது உண்மை, அது தப்பு என்பதும் உண்மை. அவன் கத்தியது எனக்கும் வலித்தது. இருபது வருடமாக வலிக்கிறது, ஆனால் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் துணைக்கு ஆள் இருந்தது.

நிலா இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். போன வருடம் பள்ளியில் அவர்களுக்குப் பழைய சிறுகதை ஒன்று பாடமாக இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆன கதையாம். ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. அதன் நிறத்தைப் பார்த்து வீடே திகைக்கிறது. இது யார் பக்கத்து ரத்தம் என்ற கேள்வியில் அந்தக் குடும்பம் உடைந்து போகிறது. கதையை முடித்துவிட்டு டீச்சர், ஆளுக்கொரு குடும்பப் படம் கொண்டு வந்து, நீ யாருடைய சாயல் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

நிலா எடுத்துப் போனது வேலூரில் ஒரு பொங்கலுக்கு எடுத்த படம். அதில் பதினொரு பேரும் ஒரே டிரம்மில் போட்டுச் சாயம் ஏற்றிய தோல் மாதிரி ஒரே நிறத்தில் இருப்போம். இதில் நீ எங்கே என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்டிருக்கிறாள். நிலா விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்தவள் படத்தைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். அந்தப் படத்தில் நான் இல்லை, அந்தக் குடும்பத்திலும் நான் இல்லை, கீதா அக்கா கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில். அவள் தமிழில் கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை, இரண்டு தோசையில் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் கோபப்பட்டால் தோசை செல்லாது.

"அத்தை அப்படித்தான்டா, வயசானவங்க" என்று அன்பு சமாதானம் சொல்லப் பார்த்தார். நிலா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

அரை ஷேடு மாறினால் ஒரு லாரித் தோலைத் திருப்பி அனுப்பியவள் நான். என் மகளின் முகம் ஐந்து ஷேடு மாறி என் வீட்டு அலமாரி மேல் நின்றது, நான் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். சண்டை வேண்டாம், பேஜார் வேண்டாம் என்று விட்டது இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது. பெண் கைவிட்டுப் போய்விடுவாள் என்று உண்மையாகவே பயந்தேன்.

"நீ வா. உன் கலர்லயே ஒரு குடும்ப போட்டோ எடுத்து அந்த ஹால்ல மாட்டறேன். முடியலன்னா அந்த நிமிஷமே கிளம்பி ஆம்பூருக்கு நம்ம வீட்டுக்குப் போய்டலாம்" என்றேன்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

5

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு லாங் பஜார் ஸ்டூடியோவுக்குப் போனோம். வாசலை அடைத்துக்கொண்டு வெங்காய வண்டி. அதைத் தாண்டி ஒவ்வொருவராகப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். படம் எடுத்து முடித்தவுடன் ஏகாம்பரம் அண்ணன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வழக்கம்போல மௌஸை நகர்த்த ஆரம்பித்தார்.

"அண்ணா, நிலாவுக்கு ஒண்ணும் பண்ணாதீங்க. எனக்கும் வேணாம்" என்றேன்.

"இன்னா மல்லிகா பேசற?" என்றார் அண்ணி. "கல்யாண போட்டோ இது. சம்பந்தி வீட்டுக்கு ஒரு காப்பி போவும். பாத்துட்டு இன்னா சொல்வாங்க?"

"நிலான்னு சொல்வாங்க."

"நான் என் நல்லதுக்கா சொல்றேன்? எங்கப்பா எப்பேர்ப்பட்ட கலரு! அவரு வம்சத்துல இந்தக் கொழந்த மட்டும் யாரு மாதிரின்னே தெரியல."

நிலா எழுந்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "யாரு மாதிரியும் இல்லன்னா நான் எதுக்கு அத்தை இங்க?" என்று தமிழில் கேட்டாள். நானும் என் பையை எடுத்தேன். வாக்குக் கொடுத்தவள் நான்.

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனிதர் அவர். "சரோ, போதும்" என்றார். ஏணி போட்டுப் பரண் மேல் ஏறினார். ஒரு பிஸ்கட் டின்னைக் கீழே இறக்கி, அதிலிருந்து பழுப்பேறிய கவரை எடுத்தார். கவருக்குள் இருந்த படத்தை என்னிடம் நீட்டினார். "நீதான் கலரு பாக்கறவ. பாத்து சொல்லும்மா."

உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் அதை வாசலுக்கு எடுத்துப் போனேன். அந்த வாசல் வடக்குப் பார்த்தது. வெங்காய வண்டிக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாக இருந்தால் என்ன, ஒரே வெளிச்சத்தில் இரண்டு பேர் நிற்கிறார்களே, அது போதும் எனக்கு. அந்த அம்மாள் அன்பு மாதிரி வெளுப்பு. பக்கத்தில் நிற்பவர் நல்ல கறுப்பு. அகலமான நெற்றி. வலது காது மடலின் மேல் ஓரத்தில், யாரோ விரலால் மடித்துவிட்டது போல ஒரு சின்ன மடிப்பு.

நான் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தேன். அதே நெற்றி. அதே மடிப்பு.

"மாமாவும் அத்தையும், சரோவோட அப்பா அம்மா. இதே ஸ்டூடியோவுல எங்கப்பா எடுத்த படம்" என்றார் ஏகாம்பரம் அண்ணன். "ஹால்ல மாட்டி இருக்கறது இதேதான். மாமாவுக்கு நான் கலர் போட்டேன். அத்தைய வெட்டிட்டேன். பக்கத்துல இருந்தா தெரிஞ்சிடும்ல."

அன்பு படத்தை வாங்கிப் பார்த்தார். அப்பாவின் நிஜ முகத்தை, நினைவு தெரிந்த பிறகு, அவர் முதல் முறையாகப் பார்க்கிறார். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பவுடருக்கு மேல் கண்ணீர் கோடு போட்டது.

"மூணு பேரு என்ன பொண்ணு பாக்க வந்தாங்க" என்றார். "வருவாங்க, காபி குடிப்பாங்க, ஹால்ல அப்பா போட்டோவ பாப்பாங்க. 'ஓ, அப்பா மாதிரியா' ன்னுட்டு எழுந்து போய்டுவாங்க. மூணு தடவ. எங்கப்பா எவ்ளோ நல்லவரு தெரியுமா? அவர பாத்துட்டு எழுந்து போனாங்க."

"நாலாவது எடத்துக்கு அனுப்பறதுக்கு போட்டோ எடுக்க இங்க வந்தா" என்று ஏகாம்பரம் அண்ணன் சொன்னார். "நல்லா வெளுத்து ரெடி பண்ணேன். அனுப்ப மனசு வரல. நானே கட்டிக்கிட்டேன்."

அந்த அழுகையிலும் அண்ணி சிரித்துவிட்டார். "அப்புறம் நான்தான் சொன்னேன், எங்கப்பாவையும் வெளுத்துடுன்னு. இனிமே எங்க வீட்டு ஆளுங்கள பாத்துட்டு ஒருத்தனும் எழுந்து போவக் கூடாதுன்னு."

"அப்ப டைபாய்டு?" என்றார் அன்பு.

"எனக்கு ஜுரமே வந்தது இல்லடா."

எல்லோரும் சிரித்தோம். வெங்காய வண்டிக்காரர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார், அவருக்கு என்ன புரிந்ததோ. நிலா மட்டும் சிரிக்கவில்லை. பை இன்னும் தோளிலேயே இருந்தது. அண்ணி எழுந்து போய் அவள் வலது காதைத் தொட்டார்.

"நீ பொறந்தப்ப கம்ப்யூட்டர்ல காத காட்டச் சொன்னேன். பாத்தா எங்கப்பா காது. அப்படியே. எனக்கு அழுவ வந்துடுச்சு. உங்கம்மா பாத்துடப் போறான்னு ஆஃப் பண்ணிட்டேன். நீ யாரு மாதிரின்னு எனக்குத் தெரியாதா கண்ணு? உன்ன பாக்கறப்பல்லாம் எங்கப்பாவ நானே அழிச்சது ஞாபகம் வருது. அதான் உன்னையும் அழிச்சிக்கினே இருந்தேன். என்ன மன்னிச்சிடும்மா."

நிலா பையைக் கீழே வைத்தாள். எனக்குத்தான் பதினான்கு வருடக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒரே ஒரு துண்டைத் தனியாகப் பார்த்து நானும் நிறம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு வேலை நடந்தது. ட்யூப் லைட்டை அணைத்தேன். ஏகாம்பரம் அண்ணன் ஒவ்வொரு பிரிண்டாக எடுத்துத் தர, நான் வாசலுக்குக் கொண்டு போய் நிலாவின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பிரிண்ட் சாம்பல் அடித்தது. இரண்டாவதில் சிவப்பு ஜாஸ்தி. மூன்றாவது கிட்டத்தட்ட வந்தது, நான் விடவில்லை. நான்காவது பிரிண்டில் என் மகள் இருந்தாள். ஷாப்பில் சொல்வது போல, "பாஸ்" என்றேன்.

மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வந்து கடைசியாக அண்ணி முகத்துக்கு வந்தோம். நாற்பது வருடப் பழக்கம், ஏகாம்பரம் அண்ணனின் கை தானாகவே வெளுக்கிற பக்கம் போனது.

"இன்னா பண்றீங்க?" என்று அண்ணி அதட்டினார். "எனக்கு எங்கப்பா கலரே போடுங்க."

6

வேலூர் ஹாலில் இப்போது மாமனாரும் மாமியாரும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது. பக்கத்தில் எங்கள் பதினொரு பேர் படம். சம்பந்தி வீட்டுக்கும் ஒரு காப்பி போனது. அவர்கள் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னார்கள்.

எங்கள் காப்பியை நேற்று மாட்டினோம். எந்தச் சுவர் என்று நிலாதான் சொன்னாள். வடக்குப் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். மாட்டி முடித்தவுடன் அவளே வேலூருக்கு வீடியோ போட்டாள்.

"மாட்டியாச்சா? கோணலா இருக்குதே, உங்கப்பன் அடிச்சானா?" என்றார் அண்ணி. முகத்தில் பவுடர் இருந்தது, ஆனால் ஒரு ஷேடு கம்மி. அதுவே எனக்குப் பெரிய விஷயம். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிலா, காத காட்டுடி" என்றார்.

நிலா முடியைப் பின்னால் ஒதுக்கி, வலது காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் பார்த்தார்.

இந்தத் தடவை கரண்ட் போகவில்லை.